ஏரியில் ஸ்மால்மவுத் பாஸ்: எந்த லூர், எந்த நேரம், எப்படி இழுப்பது?

வட அமெரிக்க ஏரிகளில் வாழும் பாஸ் மீனில் லார்ஜ்மவுத் வகையைப் பிடித்துப் பழகிய ஒருவர், அதே ஏரியில் ஸ்மால்மவுத் வகையும் இருப்பது தெரிந்தும் ஒன்றுகூடச் சிக்கவில்லை என்று கேட்டிருக்கிறார். கரையோரப் பாசியிலும் அல்லி இலைகளுக்கு நடுவிலும் போட்டுப் பார்த்திருக்கிறார். என்ன லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) வாங்குவது, எந்த நேரத்தில் போவது, எப்படி இழுப்பது என்பதுதான் அவர் கேள்வி.

லூரைப் பற்றி நிறையச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். படகில் மீன் காட்டும் சோனார் இருந்தால் அதிலேயே தண்ணீரின் வெப்பநிலை தெரியும், அது போதும். ஸ்மால்மவுத் எந்த ஆழத்தில் நிற்கும், எவ்வளவு வேகமாகப் போகிற இரையைத் துரத்தும் என்ற இரண்டையும் தண்ணீரின் சூடுதான் முடிவு செய்கிறது. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் லூரைத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலையே இல்லை.

முதலில் இடத்தைச் சரிசெய்வோம். லார்ஜ்மவுத் பாசிக்குள்ளும் விழுந்த மரத்தடியிலும் பதுங்கியிருந்து பாயும். ஸ்மால்மவுத்துக்குக் கல் வேண்டும், சரளை வேண்டும், பக்கத்திலேயே ஆழம் வேண்டும். கூட்டமாகச் சுற்றும், கண்ணால் பார்த்து வேட்டையாடும். தெளிந்த தண்ணீரில் பத்து பன்னிரண்டு அடிக்குக் கீழே நிற்கும் மீன்கூட மேலே போகும் லூரைப் பார்த்து எழும்பி வந்து அடிக்கும். அதனால் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல்முனைகள், நடு ஏரியில் தண்ணீருக்கடியில் மேடாக எழும்பும் பாறைத் திட்டுகள், சரளை முடிந்து மணலோ சேறோ தொடங்கும் எல்லைக்கோடு, மணல்வெளியில் தனியாகக் கிடக்கும் பெரிய பாறை ஆகிய இடங்களில் தேடுங்கள். ஆழக்கோடுகள் போட்ட ஏரி வரைபடத்தில் கோடுகள் நெருங்கி வரும் இடமெல்லாம் தரை சட்டென்று இறங்கும் இடம். அப்படி ஒரு சரிவும், அதன் தலையில் கல்லும் இருந்தால் அங்கே கட்டாயம் நின்று பாருங்கள். அல்லி இலைகளை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

இரண்டும் ஒரே ஏரியில் இருப்பதால் அடையாளத்தையும் சொல்லிவிடுகிறேன். வாயை மூடிப் பிடித்துப் பாருங்கள். மேல்தாடை கண்ணின் பின்விளிம்பைத் தாண்டிப் போனால் அது லார்ஜ்மவுத். தாண்டாமல் நின்று, உடம்பு வெண்கல நிறமாக இருந்து, பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடினால் ஸ்மால்மவுத்.

இனி பருவம். பனி உருகி, தண்ணீர் 7, 8 டிகிரி செல்சியஸைத் தொடும்போது மீன்கள் குளிர்காலம் முழுக்கக் கூட்டமாகக் கிடந்த ஆழத்திலிருந்து நகரத் தொடங்கும். நேராகக் கரைக்கு வந்துவிடாது. முட்டையிடப் போகும் சரளைத் தரைக்கு அருகே முதல் சரிவில், பெரும்பாலும் 8 முதல் 20 அடி ஆழத்தில், நின்று நின்று வரும். இந்த நாட்களில் விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டிய அவசியம் இல்லை. பிற்பகலில் தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி ஏறிய பிறகுதான் மீனுக்குச் சுறுசுறுப்பு வரும். தெற்குச் சூரியன் நேராக விழுவதால் ஏரியின் வடகரை முதலில் சூடேறும், அங்கே தொடங்குங்கள். வருடத்தின் பெரிய மீன் கிடைக்க நல்ல காலமும் இதுதான், வயிற்றில் முட்டையோடு பெண் மீன்கள் கனமாக இருக்கும்.

ஆனால் சட்டத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் பல பகுதிகளில் ஜூன் பின்பாதி வரை பாஸ் பிடிக்கவே அனுமதி இல்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இந்தத் தடைக்கு நல்ல காரணம் இருக்கிறது. தண்ணீர் 15, 16 டிகிரிக்கு வந்ததும் ஆண் மீன் வாலால் சரளையை விசிறி வட்டமாகக் கூடு கட்டும், பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டை பொரிந்து, கன்னங்கரேலென்ற குஞ்சுகள் கூட்டமாக மேலெழும்பி நீந்தும்வரை ஆண்தான் காவல். தந்தையை ஐந்து நிமிடம் வெளியே எடுத்தால் போதும், கோபி, பெர்ச் போன்ற மீன்கள் புகுந்து முட்டையைத் தின்றுவிடும். கூட்டில் நிற்கும் ஆண் எதைப் போட்டாலும் கோபத்தில் கவ்வும், அதனால் பிடிப்பது சுலபம். சட்டம் அனுமதிக்கும் இடத்தில்கூட நான் கூட்டு மீனைத் தொடுவதில்லை, நீங்களும் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அதே நேரத்தில் இன்னும் கூட்டுக்கு வராத மீன்கள் பக்கத்துச் சரிவில் நிற்கும். அவற்றைத் தேடிப் போகலாம்.

முட்டையிட்டு முடிந்ததும் சில நாள் மந்தமாக இருக்கும். பிறகு பசி திரும்பும். தண்ணீர் 18 முதல் 22 டிகிரி இருக்கும் இந்த வாரங்களில்தான் மேல்தண்ணீர் லூருக்கு விடியலில் நல்ல அடி விழும். கோடை உச்சத்தில் கூட்டம் ஆழத்துக்கு, 15 முதல் 35 அடிக்கு, இறங்கிவிடும். காலையிலும் மாலையிலும் திட்டின் தலைக்கு ஏறி வந்து இரை தின்றுவிட்டு மறுபடி இறங்கும். இலையுதிர் காலத்தில் சூடு 18 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க மறுபடி வெறிபிடித்துத் தின்னும், இந்த முறை பெரிய கூட்டமாக. ஒன்று சிக்கிய இடத்தை விட்டு நகராதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே வந்தபின் கடி குறைந்துகொண்டே போகும், ஆனால் கிடைப்பதெல்லாம் கொழுத்த மீனாக இருக்கும்.

கருவிகளில் குழப்பம் வேண்டாம். ஏழடி ஸ்பின்னிங் ராட், மீடியம் வகை, நுனி சட்டென்று வளைவது. 2500 அல்லது 3000 அளவு ரீல். 10 பவுண்டு பிரெய்ட் (பின்னல் நூல்), அதன் முனையில் லூரைக் கட்ட 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் இழையில் லீடர் என்ற முன்துண்டு ஒரு எட்டடியாவது. தெளிந்த ஏரியில் லீடரைச் சுருக்காதீர்கள். பிரெய்டில் தரையில் கல் உரசுவதுகூடக் கைக்குத் தெரியும், ஃபுளோரோகார்பன் கல்லில் தேய்வதைத் தாங்கும், கண்ணுக்கும் அவ்வளவாகத் தெரியாது. நான்கைந்து மீன் பிடித்ததும் லீடரின் கடைசி ஓரடியை விரலால் உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டு மறுபடி முடிச்சுப் போடுங்கள். மீனின் வாயில் இருக்கும் பொடிப் பற்களும் பாறையும் சேர்ந்து செய்யும் வேலை அது.

இப்போது லூர். ஒரே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டியூப் வாங்குங்கள். மூன்றரை அங்குல நீளம், உள்ளே வெற்றிடம், பின்னால் கால்கள் மாதிரித் தொங்கும் இழைகள், பச்சையும் பழுப்பும் கலந்த கிரீன் பம்ப்கின் நிறம். பார்க்க ஒன்றுமே இல்லாத சாமான்தான். ஆனால் ஸ்மால்மவுத்தின் முக்கிய உணவான கிரேஃபிஷ் என்ற நன்னீர் இறால் போலவும் இருக்கும், கோபி போலவும் இருக்கும். கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்திலிருந்து கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவரும் எடைநீர் வழியாக வந்த உருண்டை கோபி 1990-இல் செயின்ட் கிளேர் ஆற்றில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. உளுவை இனத்துச் சிறு மீன் அது. பிறகு ஐம்பேரேரிகள் முழுக்கப் பரவிவிட்டது. அதற்குக் காற்றுப்பை கிடையாது, அதனால் நடுத்தண்ணீரில் மிதந்து நிற்க முடியாது, தரையோடு தரையாகத் தத்தித் தத்தித்தான் போகும். ஈரி ஏரியிலும் ஒன்டாரியோ ஏரியிலும் ஸ்மால்மவுத் அதைத் தின்று கொழுக்கிறது. தரையில் இழுபடும் டியூப் அங்கே இவ்வளவு நன்றாக வேலை செய்வது இதனால்தான்.

டியூபின் உள்ளே ஜிக் தலையை (எடைத் தலை பொருத்திய முள்) செருகி, லைன் கட்டும் வளையத்தை மட்டும் மேல்தோல் வழியாக வெளியே குத்தி எடுக்க வேண்டும். 12 அடிக்குள் கால் அவுன்ஸ், 20 அடிவரை 3/8, அதற்கும் கீழே போனாலோ காற்று பலமாக அடித்தாலோ அரை அவுன்ஸ். வீசியபின் லைனைத் தளர்த்தி விடுங்கள், டியூப் சுழன்று சுழன்று இறங்கும், அந்த இறக்கத்திலேயே பல மீன்கள் கவ்விவிடும். தரை தொட்டதும் ராடைப் பக்கவாட்டில் மெதுவாக ஓரடி இழுங்கள், நிறுத்துங்கள், தொய்வைச் சுற்றிக்கொள்ளுங்கள், மறுபடி இழுங்கள். படகு காற்றில் தானாக நகர்ந்தால் அதன் பின்னாலேயே இழுபட விட்டாலும் போதும். குதிக்க விடாதீர்கள், தரையை விட்டு எழும்பவே கூடாது.

கடி எப்படி இருக்கும் என்பதில்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். டக்கென்று தட்டும் என்று காத்திருப்பார்கள். சில சமயம் தட்டும். பல சமயம் கல் உரசும் உணர்வு திடீரென்று நின்று, ஈரத்துணி மாட்டியது போல ஒரு மெத்தென்ற கனம் மட்டும் தெரியும். அதுதான் மீன். ராடை மேலே வெடுக்கென்று தூக்காமல், ரீலை வேகமாகச் சுற்றிக்கொண்டே பக்கவாட்டில் வீசி இழுங்கள். கல்லில் மாட்டிக்கொண்டால் முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம். படகை மறுபக்கம் கொண்டுபோய், வந்த திசைக்கு எதிராக இழுத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். எப்படியும் சில டியூப்கள் போகத்தான் செய்யும். கல்லில் ஒன்றிரண்டாவது மாட்டவில்லை என்றால் நீங்கள் மணலில் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது ஜெர்க்பெய்ட். நான்கு அங்குலத்துக்குக் குறையாத ஒல்லியான மீன் வடிவம், நிறுத்தினால் மூழ்காமல் மிதக்காமல் அப்படியே நிற்கும் வகை. 8 முதல் 14 டிகிரித் தண்ணீருக்கு இதைவிட நல்ல லூர் எனக்குத் தெரியாது. ராட் நுனியைத் தண்ணீரை நோக்கிக் கீழே வைத்து, இரண்டு முறை வெட்டி இழுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு உடனே லைனைத் தளர விடுங்கள். தளர்த்தினால்தான் லூர் பக்கவாட்டில் திரும்பி மின்னும், இறுக்கியே வைத்திருந்தால் நேராக உங்களை நோக்கி வரும், அவ்வளவுதான். பிறகு நிறுத்துங்கள். எவ்வளவு நேரம்? 8 டிகிரியில் பத்து எண்ணலாம், சில நாள் பதினைந்துகூட. 12, 13 டிகிரிக்கு வந்துவிட்டால் மூன்று போதும். 16-ஐத் தாண்டினால் நிறுத்தவே வேண்டாம், அடுக்கடுக்காக வெட்டிக்கொண்டே வரலாம். நிற்கும் லூரைத்தான் மீன் எடுக்கும். அடுத்த வெட்டுக்குக் கை போகும்போது கனமாக இருக்கும், அல்லது தொய்ந்து கிடந்த லைன் மெல்ல நேராகும். லைனிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

இந்த லூர் உண்மையிலேயே நிற்கிறதா என்று படகோரத்தில் ஒரு முறை விட்டுப் பாருங்கள். தண்ணீர் குளிரக் குளிர அடர்த்தி கூடும், கோடையில் சரியாக நின்ற அதே லூர் ஏப்ரலில் மெல்ல மேலே எழும்பும். முன் முள்ளின் தண்டில் மெல்லிய ஈயக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றினால் சரியாகிவிடும். மூக்கு கொஞ்சம் தாழ்ந்து, மிக மெதுவாகக் கீழே இறங்கினால் இன்னும் நல்லது.

கோடைக்கு டிராப் ஷாட். லைனின் கடைசி நுனியில் எடை, அதற்கு ஒன்று ஒன்றரை அடி மேலே முள், முள்ளில் மூன்று அங்குல மென்பிளாஸ்டிக் மீன் மூக்கோடு குத்தப்பட்டது. எடை தரையில் கிடக்கும், இரை மீனின் கண்மட்டத்தில் நிற்கும். முள்ளைப் பாலோமர் முடிச்சில் கட்டி, மிச்சமிருக்கும் லைனை முள்ளின் வளையத்துக்குள் மேலிருந்து திரும்பவும் நுழைத்துக் கீழே விட்டால் முள் கூர்முனை மேல்நோக்கி நேராக நிற்கும். எடைக்கு உருளை வடிவமே நல்லது, பாறை இடுக்கில் உருண்டையைவிடக் குறைவாக மாட்டும். அதன் தலையில் லைனைக் கவ்விப் பிடிக்கும் கம்பிதான் இருக்கிறது, முடிச்சுப் போடாதீர்கள். மாட்டினால் எடை மட்டும் நழுவிப் போகும், முள்ளும் பிளாஸ்டிக் மீனும் மிஞ்சும். சோனாரில் 25 அடியில் மீன் தெரிந்தால் நேர் கீழே இறக்குங்கள். எல்லோரும் செய்வது இடைவிடாமல் ஆட்டுவது. ஆட்டாதீர்கள். தரை தொட்டதும் அப்படியே வைத்திருங்கள், படகின் அசைவே இரையை அசைக்கும். பத்து வினாடி பார்த்துவிட்டு ஒரு நடுக்கம் கொடுங்கள், போதும்.

நெட் ரிக் வேலை குறைவானது, ஆனால் கடி இல்லாத நாளில் கைகொடுப்பது. காளான் தலை ஜிக், 1/10 அவுன்ஸ், அதில் இரண்டே முக்கால் அங்குலத் துண்டுப் புழு. மிதக்கும் தன்மை கொண்ட பிளாஸ்டிக்கில் வாங்கினால் தரையில் வால் தூக்கி நிற்கும், இரை தேடும் சிறு பிராணி மாதிரி. அந்த வகைப் பிளாஸ்டிக்கைச் சாதாரண மென்பிளாஸ்டிக்கோடு ஒரே அறையில் போட்டு வைக்காதீர்கள், இரண்டும் உருகி ஒட்டிக் கூழாகிவிடும். தனிப் பையிலேயே இருக்கட்டும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காற்று அடித்து அலை எழும் நாளில் சுழலும் தகடு கொண்ட வெள்ளை ஸ்பின்னர்பெய்ட், அல்லது மூன்றரை அங்குல வாலாட்டும் மீன் வடிவ ஸ்விம்பெய்ட்டை ஒரே வேகத்தில் இழுப்பது. ஸ்விம்பெய்ட்டை மீன் முதலில் வாலில் முட்டும், அப்போது ராடை இழுக்காமல் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் திரும்ப வந்து முழுதாகக் கவ்வும். விடியலில் தண்ணீரைத் தெறிக்கவைக்கும் பாப்பர் அல்லது இருபுறமும் நடக்கும் மேல்தண்ணீர் லூர். தண்ணீர் வெடித்ததும் இழுத்துவிடாதீர்கள், ராடில் கனம் வந்த பிறகு இழுங்கள். வசந்தத்தில் ஆழமில்லாத இடத்தில், ஜெர்க்பெய்ட்டையும் பார்த்து ஒதுங்கும் மீனுக்குக் கறுப்பு மராபு இறகு ஜிக், தரை தொடாமல் மிக மெதுவாக. இலையுதிர் கடைசியில், 10 டிகிரிக்குக் கீழே, உலோக பிளேடு பெய்ட்டைத் தரையிலிருந்து ஓரடி தூக்கி, லைனைக் கொஞ்சம் இறுக்கத்திலேயே வைத்துக் கீழே விடுங்கள். இறங்கும்போதுதான் எடுக்கும். நிறத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். தெளிந்த தண்ணீருக்குப் பச்சை, பழுப்பு, புகைநிறம். கலங்கலுக்கு வெள்ளையும் பளிச்சென்ற மஞ்சள்பச்சையும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடி போல அசையாத தண்ணீரில், வெயிலில், ஸ்மால்மவுத் உங்கள் படகையும் லைனையும் பார்த்துவிடும். சிற்றலை எழும்பினால் அந்த எச்சரிக்கை போய்விடும். காற்று மேலே அடித்துக்கொண்டிருக்கும் முனைக்குப் பொடிமீன்கள் தள்ளப்பட்டு வரும், பின்னாலேயே இவையும் வரும். படகை நிறுத்துவது கஷ்டம் என்பதற்காக மறைவான பக்கம் ஒதுங்காதீர்கள், பாதுகாப்பான அளவுக்குக் காற்று இருக்கும்வரை அந்தப் பக்கமே மேல். வெயில் இருந்தால் வேண்டாம் என்று நினைக்கவும் தேவையில்லை. காற்றும் வெயிலும் சேர்ந்தால் ஜெர்க்பெய்ட்டின் மின்னல் வெகுதூரம் தெரியும், நல்ல நாள் அது. குளிர்முனை (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடந்துபோய் வானம் பளிச்சென்று நீலமாகி, காற்றும் நின்றுபோன மறுநாள்தான் கஷ்டமான நாள். அன்றைக்கு அதே இடத்திலேயே ஐந்து பத்து அடி ஆழமாகப் போய், லூரைச் சின்னதாக்கி, நெட் ரிக்கும் டிராப் ஷாட்டுமாகப் பொறுமையாகப் போடுங்கள்.

மாட்டிய மீனோடு பெரும்பாலும் இன்னும் ஒன்றிரண்டு கூடவே வரும். அதன் வாயிலிருந்து விழுவதைப் பறிக்கத்தான். அதனால் இருவராகப் போனால் ஒருவர் மீனை இழுக்கும்போது மற்றவர் டியூபையோ நெட் ரிக்கையோ அதன் பின்னால் போடட்டும். தனியாகப் போனாலும் இரண்டாவது ராட் கட்டித் தயாராக இருக்கட்டும், மீனை எடுத்தவுடன் அதே இடத்தில் விழ வேண்டும். ஸ்மால்மவுத் தண்ணீரை விட்டு எம்பிக் குதித்துத் தலையை உதறும், அங்கேதான் பாதி மீன் தப்பிக்கிறது. லைன் சாய்ந்து மேலே ஏறுவதைப் பார்த்ததும் ராட் நுனியைத் தண்ணீருக்குள் அமுக்குங்கள். படகருகே வந்ததும் கடைசியாக ஒரு பாய்ச்சல் கட்டாயம் இருக்கும், டிராகை (ரீல் லைனை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை) முன்பே கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

பிடித்தபின் என்ன செய்வது என்பதும் இதில் சேர்த்தி. வடக்கு ஏரிகளில் இது மெதுவாக வளரும் மீன், 18 அங்குலத்தைத் தொடப் பத்து ஆண்டு ஆகலாம். உலகச் சாதனை மீனே 1955-இல் டென்னசி, கென்டக்கி எல்லையில் இருக்கும் டேல் ஹாலோ ஏரியில் பிடித்த 11 பவுண்டு 15 அவுன்ஸ்தான், இத்தனை வருடத்தில் அது முறியடிக்கப்படவில்லை. ஐந்து பவுண்டு மீன் உங்கள் கையில் இருந்தால் அந்த ஏரியின் முதியவர்களில் ஒன்று. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றுக்கும் தாங்கல் கொடுங்கள், படம் எடுத்தவுடன் விட்டுவிடுங்கள். எடைகளை டங்ஸ்டனில் வாங்கினால் சிறியதாகவும் இருக்கும், கல்லைத் துல்லியமாகவும் உணர்த்தும். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈய எடைகளுக்கும் ஈய ஜிக்குகளுக்கும் தடையே இருக்கிறது.

30 அடிக்குக் கீழேயிருந்து தூக்கிய மீனுக்குக் காற்றுப்பை ஊதிவிடும். விட்டாலும் மல்லாந்து மேலே மிதக்கும், கீழே போக முடியாது. அப்படி ஆனால் அதைத் தாடையில் கவ்வி எடையோடு ஆழத்துக்கு இறக்கி விடுவிக்கும் கருவி ஒன்று கிடைக்கிறது, அதைப் படகில் வைத்திருங்கள். வயிற்றில் ஊசி குத்திக் காற்றை எடுக்கும் முறையைப் பழகாமல் செய்தால் உள்ளுறுப்பில் பட்டுவிடும். ஆழத்தில் வரிசையாக மீன் கிடைத்து, ஒவ்வொன்றும் மேலே வந்து மல்லாந்தால், அன்றைக்கு அந்த ஆழத்தை விட்டுவிட்டு 20 அடித் திட்டுக்குப் போய்விடுங்கள்.